நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓடிய வண்டி

மீட்டரைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா, தம்பி. நாற்பத்தொன்று. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். விழுந்த வண்டி இல்லை. திருட்டு வண்டி இல்லை. ஆர்.சி. புத்தகம் என் பெயரில்தான் இருக்கிறது. வாங்கி இருபத்தாறு நாள் ஆகிறது. நாற்பத்தொரு கிலோமீட்டரில் ஏன் விற்கிறான் என்று உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் கேட்டார்கள். இன்ஜினில் ஏதோ கோளாறு என்று அவர்களே முடிவு செய்துகொண்டு போய்விட்டார்கள். இன்ஜினில் ஒன்றும் இல்லை. உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். வண்டி எங்கேயும் போய்விடாது. போகாததால்தானே விற்கிறேன்.

நான் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் எடை மேடையில் இருக்கிறேன். குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, ஏற்றி வருகிற லாரியை மேடைமேல் நிறுத்தி, எடை பார்த்து, சீட்டு எழுதித் தருவது என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். எடைச்சீட்டு எழுதி எழுதியே எனக்கு எழுத்து வந்தது. முப்பத்தோரு வருஷம். எடைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயரை ரேஷன் கார்டில் பார்த்தால்தான் உண்டு. லாரி கேட்டுக்குள் திரும்பும்போதே இது எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். நூறு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

இங்கிருந்து ஆலை பன்னிரண்டு கிலோமீட்டர். இத்தனை வருஷம் வண்டி இல்லாமல் எப்படிப் போனீர்கள் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரி கொண்டுபோய் விடுவாள். ரேணுகா. கிராம நர்ஸ். அரசாங்கத்தில் கடன் கொடுத்து மொபெட் வாங்கச் சொன்னார்கள், வாங்கினாள். அதில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் ஆலைக் கேட்டில் இறக்கிவிட்டு அவள் டியூட்டிக்குப் போவாள். போகிற வழிதான். இருபத்திரண்டு வருஷம்.

பொண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து போகிறான் என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், தம்பி. ஹேண்டில்தான் அவள் கையில். ஓட்டியது நான். மேடு வந்தால் மேடு என்று சொல்வேன். நாய் என்பேன். மணல் கிடக்குது, பார்த்து என்பேன். பின்னால் லாரி வந்தால், லாரி வருது, ஓரம் போ என்பேன். அவள் ம் என்பாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் ம் போட்டுக்கொண்டே வருவாள். பெண்பிள்ளை அல்லவா, பயம் இருக்கும். நான் பின்னால் இருக்கிற தைரியத்தில்தான் ஓட்டினாள். கேட்டில் இறங்கிக்கங்க என்பாள். நான் இறங்குவேன். அவள் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஏன் திரும்ப வேண்டும் என்றா? அவள் வேலை பார்க்கிற சப்சென்டர் மேற்கே இருக்கிறது. நம் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆலை கிழக்கே. திரும்பித்தானே போக வேண்டும்.

என்ன பார்க்கிறீர்கள்? சரி, விடுங்கள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. வண்டியில் அடிபட்டு இல்லை. பல பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். சப்சென்டரில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. நெஞ்சுவலி. காலையில் என்னைக் கேட்டில் இறக்கிவிட்டவள். இறங்கிக்கங்க என்றாள், இறங்கினேன். ஒரு லாரி மேடைக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் பார்ப்பேனா என்று கேட்டால், அதுவும் இல்லைதான்.

அந்த மொபெட்டை ஓட்டியிருக்கலாமே என்று நீங்களும் கேட்பீர்கள். காளியண்ணனும் கேட்டான். அவன் ஆலையில் பாய்லர் ஆள், பக்கத்து ஊர், என் வயதுதான். அது பொம்பளை வண்டி, ஆம்பிளை ஓட்டினால் பார்க்க நன்றாக இருக்காது என்றேன்.

“ஏப்பா, இருபத்திரண்டு வருஷம் அது பின்னாடி குந்திக்கிட்டு வந்தியே, அது மட்டும் பார்க்க நல்லா இருந்துச்சா?” என்றான்.

அவனுக்கு வாய் அதிகம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே மொபெட்டை ரேணுகாவின் இடத்துக்கு வந்த புது நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். அது வாசலில் நின்றால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழு மாதம் காளியண்ணன்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனான். இந்த மாதத்தோடு அவன் வேலையை விட்டு நின்றுவிடுகிறான். திருப்பூருக்கு மகனிடம் போகிறான். அவனுக்கு ரிட்டயர் ஆகிற நாள் வந்துவிட்டது. எனக்கு முதல் பஸ்ஸே ஏழேகாலுக்குத்தான். கிழங்கு சீசனில் ஆறு மணிக்கெல்லாம் லாரிகள் வரிசையில் நிற்கும். மேனேஜர் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“எடைக்காரரே, ஒண்ணாம் தேதியிலருந்து ஆறு மணிக்கு மேடையில ஆள் இருக்கணும். நீங்க எப்படி வருவீங்கன்னு எனக்குத் தெரியாது. முடியலைன்னா சொல்லிடுங்க, கம்ப்யூட்டர் போட்டுக்கிறோம். ஒரு சின்னப் பையன் போதும்.”

இந்த வேலை போனால் என் மகள் மேகலா என்னை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நல்ல பிள்ளைதான். ஹாலில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாள். போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மேலே போர்வைகூட விரித்திருக்கிறது. அந்தக் கட்டிலைப் பார்த்த அன்றைக்குத்தான் மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவு செய்தேன். எனக்கு ஐம்பத்தேழு வயது.

ஆத்தூரில் கடைக்குப் போனோம், நானும் காளியண்ணனும். உள்ளே முப்பது வண்டி நிற்கிறது. கண்ணாடி மாதிரி தரை. சேல்ஸ்மேன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். “சார், இது மைலேஜ் நல்லா வரும்”, “சார், இது பிக்கப்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மைலேஜை உட்கார்ந்து பார்க்க முடியுமா? உட்கார்ந்து பார்க்கக்கூடியது சீட் ஒன்றுதான். முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சேல்ஸ்மேன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சார், முன்னாடி உட்காருங்க சார்.”

அப்போதுதான் கவனித்தேன், நான் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

பரவாயில்லை, பின் சீட்டும் பார்க்க வேண்டியதுதானே என்றேன். நான்கு வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் சீட் சரிந்து ஓட்டுகிறவர் முதுகில் கொண்டுபோய் இடிக்கிறது. ஒன்றில் பின்கம்பி கைக்கு எட்டவில்லை. ஒன்றில் கால் வைக்கிற இடம் உயரம், முட்டி வயிற்றுக்கு வருகிறது. இந்த வண்டியில், பாருங்கள், சீட் தட்டையாக அகலமாக இருக்கிறது. கம்பி இரண்டு பக்கமும் வருகிறது. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், தம்பி, இதைவிட நல்ல பின் சீட் கிடைக்காது. இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முன்னால் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

பில் போடும்போது சேல்ஸ்மேன் கேட்டான், “சார், பின் சக்கரத்துல இருக்கிற இந்த சேலை கார்டைக் கழட்டிடலாமா? கழட்டினா லுக்கா இருக்கும். எல்லாரும் கழட்டித்தான் எடுத்துட்டுப் போறாங்க.”

வேண்டாம் என்றேன்.

“வீட்ல மேடம் உட்காருவாங்களா சார்?”

ஆமாம் என்றேன். காளியண்ணன் என் முகத்தைப் பார்த்தான். வாய் அதிகம் உள்ளவன், குனிந்து சேலை கார்டின் போல்ட்டை இறுக்கிப் பார்த்தான். சேல்ஸ்மேன் உள்ளே போய், பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து கால் வைக்கிற கம்பி ஒன்றையும் கொண்டுவந்து மாட்டிவிட்டான். அதோ இருக்கிறது பாருங்கள். அதில் இன்னும் யாரும் கால் வைக்கவில்லை.

எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, என்னை முன்னால் ஏறி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரைக்கு எட்டவில்லை. கட்டைவிரல் நுனி மட்டும் படுகிறது. வண்டி இந்தப் பக்கம் சாயுமா அந்தப் பக்கம் சாயுமா என்று அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். இறங்கிவிட்டேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியது காளியண்ணன்தான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். “ஓட்டப்போறவன் முன்னாடி குந்திப் பார்க்கணும்ப்பா. பொண்ணு பார்க்கப் போயிட்டு மாமியாரைப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டு வந்த மாதிரி இருக்கு.”

ஆத்தூரிலிருந்து இங்கே பதினொரு கிலோமீட்டர். நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். என் கணக்கு சரிதான் என்று தெரிந்தது. அலுங்காமல் வந்தது. நாற்பத்தொன்றில் அது பதினொன்று, வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பழக்குவதற்கு ஆலைக்கே கூட்டிக்கொண்டு போனான். ஜவ்வரிசி காயப்போடுகிற சிமெண்ட் களம் அங்கே பெரியது. போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு. அதுவும் அவன்தான் ஓட்டினான், நான் பின்னால். கிழங்கு மாவை எடுத்துக் களத்து ஓரத்தில் பெரிதாக ஒரு எட்டு வரைந்தான். லைசென்ஸுக்கு அந்த எட்டுதான் போட வேண்டும், கால் ஊன்றக் கூடாது. வேர்வையில் எனக்கு ஹேண்டில் வழுக்குகிறது. கிளட்சை விட்டால் வண்டி துள்ளுகிறது, பிடித்தால் நின்றுவிடுகிறது. ஒரு தடவை எட்டைத் தாண்டிப் போய்க் காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசிக்குள் இறங்கிவிட்டேன். நிறுத்தத் தெரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த்தான் நின்றது. ஜவ்வரிசி கிளறுகிற பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

“எடைக்காரரே, இது காய வச்சிருக்கிற ஜவ்வரிசி. அரைக்கறதுக்கு உள்ளே மெஷின் இருக்குது” என்றாள் பாப்பாத்தி. அவள்தான் அங்கே தலைமை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாப்பாத்தி என்னிடம் வந்து தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள். அவள் மகளுக்கு ரேணுகாதான் பிரசவம் பார்க்கக் கூட இருந்தாள். அந்தப் பழக்கம்.

“நர்சம்மா சொல்லுவாங்க, எங்க வீட்டுக்காரர் வண்டியில பேசிக்கிட்டேதான் வருவாருன்னு. பேசலைன்னா அவருக்குப் பயம் வந்துரும், என் சேலையை இறுக்கிப் புடிச்சிக்குவாரு, அதான் நான் ம் கொட்டிக்கிட்டே வருவேன்னு.”

ரேணுகா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். பாப்பாத்தி வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள். சேலையைப் பிடித்தது உண்மை. காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டக் கூடாது என்று பிடித்தேன். அந்த மொபெட்டில் சேலை கார்டு சரியாக இருக்காது.

அன்றைக்குக் களத்தில் நான் ஓட்டியது இரண்டு கிலோமீட்டர். போகும்போது வண்டியோடு மேடைமேல் ஏறி நின்று எடை பார்த்தேன். நானும் வண்டியும் சேர்ந்து இருநூற்றுப் பத்து கிலோ. அதை ஏன் பார்த்தேனோ. அந்த எண் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

பதினொன்று, இருபத்து நான்கு, இரண்டு. முப்பத்தேழு ஆகிறதா? மீதி நான்கு கிலோமீட்டர்தான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

போன செவ்வாய்க்கிழமை. எட்டு ஓரளவு வந்துவிட்டது, வீட்டு வாசலில் நிறுத்திவைத்தபடியே கியர் போட்டும் பழகியாயிற்று, தனியாகப் போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் ஒட்டியிருந்தது. காலை ஐந்தரை மணி, நன்றாக விடிந்துவிட்டது. ஊர் ரோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் போனேன். இரண்டாவது கியருக்குக்கூட மாற்றினேன். பைபாஸைத் தாண்டிச் சர்வீஸ் ரோட்டில் சேர வேண்டும். அந்த இடத்தில் லேசான மேடு. ஏறும்போது வண்டி திணறியது. நடு ரோட்டில் மெதுவாகிவிட்டது.

அப்போது பின்னால் ஹாரன் கேட்டது.

கிழங்கு லாரி. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம். சத்தத்திலேயே தெரிந்தது. பதினேழரை டன். முப்பத்தோரு வருஷமாக அவை என் முன்னால் வந்து நிற்கும், நான் சீட்டு எழுதுவேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. என்னைவிட எத்தனை மடங்கு என்று அந்த நேரத்தில் மனம் கணக்குப் போடுகிறது. எண்பதுக்கு மேல் வந்தது.

நான் சொன்னேன், “லாரி வருது. ஓரம் போ.”

சொல்லிவிட்டு, தம்பி, காத்திருந்தேன்.

புரிகிறதா? சொல்லிவிட்டேன் அல்லவா, இனி வண்டி ஓரம் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. ஹாரன் கிட்டே வருகிறது. “ரேணு, ஓரம் போ, லாரி” என்று இன்னொரு தடவை கத்தினேன். ம் வரவில்லை. இவள் ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. என் இரண்டு கையும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, என் கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் அவை யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. அது ஒரு நிமிஷம் இருக்குமா? இருக்காது. மூன்று நான்கு நொடிதான் இருக்கும்.

டயர் தேய்கிற சத்தம். லாரி என்னைச் சுற்றிக்கொண்டு போய் மண்ணில் இறங்கி நின்றது. கிழங்கு நாலைந்து உருண்டு விழுந்தது. என் வண்டி தானாக நின்றுபோய்விட்டது. நான் கால் ஊன்றியிருந்தேன். எட்டாத கால் எப்படி எட்டியது என்று இன்றுவரை தெரியவில்லை.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். அடிக்கத்தான் வந்திருப்பார். முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“எடைக்காரரே, நீங்களா? என்னாங்க இது, நடு ரோட்டுல கத்திக்கிட்டு நிக்கறீங்க. யாரை ஓரம் போகச் சொன்னீங்க? என்னையா?”

எத்தனை டன் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் காளியண்ணனைச் சீட்டில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பதினேழு டன் நானூற்று அறுபது.

இரண்டு கிலோமீட்டர் போயிருந்தேன். திரும்பி உருட்டிக்கொண்டே வந்தேன். உருட்டினாலும் மீட்டர் ஓடும், தெரியுமா? எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போக இரண்டு, வர இரண்டு. நாற்பத்தொன்று. அதன் பிறகு நான் அதைத் தொடவில்லை. மெக்கானிக் கடையில் போய் விற்கச் சொல்லிவிட்டேன். அங்கே எழுதி ஒட்டியதைப் பார்த்துத்தானே நீங்கள் வந்தீர்கள். நேற்று மேகலா போன் செய்தாள். திங்கட்கிழமை ஒண்ணாம் தேதி, வேலை என்ன ஆச்சுப்பா என்றாள். சொல்கிறேன் என்றேன். கட்டிலுக்கு மெத்தை வாங்கிவிட்டாளாம்.

அவ்வளவுதான், தம்பி. வண்டியில் ஒரு குறையும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள். சாவி இதோ.

என்ன கேட்டீர்கள்? சேலை கார்டைக் கழற்றிவிடலாமா என்றா?

கழற்றலாம். உங்கள் வண்டி. நான்கு போல்ட்தான்.

இருங்கள். அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுங்கள். விலை ஏற்றப்போகிறேன் என்று நினைக்காதீர்கள், ஒன்று கேட்க வேண்டும். உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா? நல்லது. எல்.எல்.ஆர்.காரன் ஓட்டினால் பின்னால் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் விதி. காளியண்ணன் பாய்லரைப் புது ஆளிடம் ஒப்படைக்கப் போய்விட்டான். அவனிடம் இனிக் கேட்க முடியாது. மணி நாலுதான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை, லாரி குறைவாக இருக்கும். இல்லாமல் இருக்காது. ஆனால் குறைவாக இருக்கும்.

ஆலைக் கேட் வரைக்கும் போவோம். பன்னிரண்டு கிலோமீட்டர். நான் ஓட்டுகிறேன். பாதியில் நின்றுவிட்டேன் என்றால் அந்த இடத்திலேயே சாவி உங்களுக்கு, சேலை கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், நான் ஓசூர் பஸ்ஸைப் பார்க்கிறேன். கேட் வரைக்கும் போய்விட்டால் மன்னித்துக்கொள்ள வேண்டும், நீங்கள் வந்த பஸ் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

கால் எட்டுமா என்று பார்க்கிறீர்கள். எட்டும். போன செவ்வாய்க்கிழமை எட்டியது.

நீங்கள் பின்னால் உட்காருங்கள். சீட் நன்றாக இருக்கும், நான் பார்த்து எடுத்தது. கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருவதில் பயப்பட ஒன்றும் இல்லை. நான் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லை. பயமாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு நாள் விடாமல் இருந்தது.

பயமாக இருந்தால் பேசிக்கொண்டே வாருங்கள், தம்பி. மேடு வந்தால் மேடு என்று சொல்லுங்கள். நாய் வந்தால் நாய். பைபாஸ் வந்ததும், பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஒன்றையும் விட வேண்டாம். நான் முன்னாலிருந்து ம் என்பேன்.